லெற்றஸ் உறைந்த கிழமை

நிரூபா வேலையிடத்தில் நித்திரையாகிப்போனாள். மார்கழி மாதம், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னர். ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் அவளுக்கு வேலை. வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, கதிரையில் இருத்தி, ஊட்டிவிட வேண்டும். இருபது வருடத்துக்கு மேலாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அன்றைக்கு ஒரு சீனத்து அம்மாவுக்கு ஒரு காலில் காலுறை போட்டுவிட்டு மற்றதை விரித்தவள், கட்டிலின் ஓரத்திலேயே சரிந்துவிட்டாள். மேற்பார்வை பார்க்கும் ஷரோன் தேடிக்கொண்டு வந்தபோது, அந்த அம்மா ஒற்றைக் காலுறையோடு இருந்து நிரூபாவின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாராம்.

ஷரோன் மன்னார்ப் பெண், நிரூபாவைவிட நன்றாக இளையவள். அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நிரூபாவுக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

"அக்கா, உங்களுக்கு எவ்வளவு லீவு சும்மா கிடக்குதெண்டு தெரியுமோ? அதை எடுங்கோ. இவ்வளவு நாளும் கேட்டனான். இப்ப கேக்கேல்லை, சொல்லுறன்."

"வீட்டிலை இருந்து என்ன செய்யிறது?"

"ஒண்டும் செய்யாதேங்கோ. அதுக்குத்தான் லீவு."

ஒன்றும் செய்யாமல் இருப்பது நிரூபாவுக்குப் பழக்கமில்லை. ரூஜில் உள்ள அவர்களுடைய வீட்டில் கீழ்த்தட்டு அறையில் அவளுடைய மாமி, அதாவது புருஷன் ஸ்ரீதரனின் தாய், மறதி நோயோடு பல வருடங்கள் படுக்கையில் கிடந்தார். நிரூபா வேலையில் பிறத்தியாரைக் குளிப்பாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து கையோடு மாமியைக் குளிப்பாட்டுவாள். மகள் துவாரகா பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். வகுப்பு இல்லாத நேரங்களில் அவளும் பார்ப்பாள். ஸ்ரீதரன் வீட்டில் நிற்பது குறைவு. சொந்தமாக ட்ரக் வைத்து ஓடுகிறவர். மாரிகாலத்தில் ரொறன்ரோக் கடைகளில் கிடக்கிற லெற்றஸ் என்ற சலாது இலை அரிசோனாவிலே யூமா பக்கத்திலிருந்து குளிர்ப்பெட்டி வாகனங்களில் வருவது. அதைக் கொண்டுவருகிறவர்களில் அவரும் ஒருவர். போனால் கிழமைக் கணக்கு. வந்தால் ஒரு நாளோ இரண்டு நாளோ படுத்துக் கிடந்துவிட்டுத் திரும்பவும் போவார்.

கார்த்திகையில் முதல் பனி கொட்டிய கிழமை மாமி இறந்துபோனார். ஸ்ரீதரன் அப்போது அரிசோனாவில் நின்றார். செய்தி அவருக்கு அடுத்த நாள்தான் கிடைத்தது. போன் வேலை செய்யாத இடத்தில் மாட்டுப்பட்டுப் போனேன் என்றார். லோட்டை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு விமானத்தில் வந்து கிரியைகளைச் செய்தார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் சிலவு முடிந்ததும் திரும்பவும் ஓடப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நிரூபாவுக்கு வந்த களைப்பை என்னவென்று சொல்வதென்று அவளுக்கே தெரியவில்லை. டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். எல்லாம் சரி என்றார். இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தார். படுத்தால் நித்திரை வராது. வந்தால், மாமியைப் புரட்டிப் படுக்க வைக்கிற நேரத்துக்கு உடம்பு தானாக எழும்பும். எழும்பிப் படியிறங்கி அந்த அறைக் கதவு வரைக்கும் போன பிறகுதான் கட்டில் இல்லை என்பது நினைவுக்கு வரும். கட்டிலை நோயாளர்களுக்கு உதவுகிற சங்கம் ஒன்று வந்து எடுத்துப் போயிருந்தது.

லீவு தொடங்கிப் பொங்கலும் முடிந்தது. நிரூபா அலுமாரிகளைத் துடைத்தாள். துடைத்ததைத் திரும்பத் துடைத்தாள். துவாரகா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, அப்பா நெக்ஸ்ட் வீக் போறார்தானே. நீங்களும் போங்கோ."

"எங்கை? ட்ரக்கிலயோ? உனக்கென்ன விசரே?"

"சீரியஸ்லி அம்மா. அங்கை வெயில். என்ர காம்பிங் ரென்ற் இருக்கு, ஸ்லீப்பிங் பாக் ரெண்டு இருக்கு. ஜஸ்ட் கோ. வீட்டை நான் பாக்கிறன்."

ஸ்ரீதரன் சோபாவில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிரூபா வருவாள் என்று அவர் நினைக்கவில்லை. "வாறதெண்டால் வாரும்," என்றார், தலையை நிமிர்த்தாமல்.

வேண்டாம் என்று சொல்வதற்கும் தெம்பு வேண்டும். அது அவளிடம் இருக்கவில்லை. அப்படித்தான் அவள் போனாள்.

ஒஷாவாவில் சரக்கு ஏற்றி, வின்சரில் எல்லை கடந்து, அமெரிக்காவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனார்கள். வழியில் என்ன பார்த்தாள் என்று பிறகு துவாரகா கேட்டபோது நிரூபாவால் ஒன்றும் பெரிதாகச் சொல்ல முடியவில்லை. சீற்றுக்குப் பின்னால் உள்ள படுக்கையில் சுருண்டு கிடந்தாள். நித்திரையும் இல்லை, விழிப்பும் இல்லை. கண்ணைத் திறந்தால் வைப்பர் ஆடிக்கொண்டிருக்கும், ஸ்ரீதரனின் பிடரி தெரியும். அந்தப் பிடரியில் நரைத்த மயிர் இவ்வளவு இருக்கிறது என்பதை அவள் மிசூரியில்தான் கவனித்தாள். ட்ரக்குகள் நிற்கும் இடங்களில் அவர் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்று குளித்துவிட்டு வந்தார். மீன் ரின் ஒன்றை உடைத்து, பாணுக்குள் வைத்து, நின்றபடியே சாப்பிட்டார். ஒரு கதிரையில் இருந்து சாப்பிடலாமே என்று சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை. அவளும் வீட்டில் நின்றபடியேதான் சாப்பிடுகிறவள்.

நியூ மெக்சிக்கோவில் பனி முடிந்தது. அரிசோனாவில் வானம் வெளித்தது. ஆனால் யூமாவை நெருங்கும்போது சரக்கு ஒழுங்கு செய்து கொடுக்கும் முகவர் றூபன் ரொறன்ரோவிலிருந்து போன் எடுத்தான்.

"ஸ்ரீ அண்ணை, அங்கை சரியான குளிராம். லெற்றஸ் எல்லாம் உறைஞ்சுபோச்சு. தோட்டத்துக்காரர் கை வைக்கேலாதெண்டு நிக்கினம். அண்ணையின்ர லோட் கிழமைக் கடைசிக்குத்தான் வரும் போலை."

இலையில் பனி உறைந்திருக்கும்போது தொட்டால் லெற்றஸ் கறுத்துப் போகும். வெயில் ஏறி உருகும் வரைக்கும் வெட்டுகிறவர்கள் வரம்பில் காத்து நிற்பார்கள். நாளுக்குக் கொஞ்ச நேரம்தான் வெட்டலாம். அதனால் வாகனங்கள் வரிசை கட்டி நிற்கும். ஸ்ரீதரனுக்கு இது புதிதல்ல. கொண்டுவந்த சரக்கை இறக்கிவிட்டு, பொதியிடும் நிலையத்தின் முற்றத்தில் பின்பெட்டியைக் கழற்றி விட்டார். பெரிய போத்தல்களில் தண்ணீர் நிரப்பினார். பிறகு வெறும் முன்பகுதியை மட்டும் ஓட்டிக்கொண்டு நகரத்துக்கு வெளியே போனார்.

"எங்கை போறம்?"

"ஒரு இடம் இருக்கு."

பெருந்தெருவை விட்டு இறங்கிச் சரளை ரோட்டில் கொஞ்சத் தூரம். யாரும் வந்து தங்கலாம் என்று விட்டிருக்கிற பொது நிலம் அது. தூரத் தூரமாகச் சில வெள்ளை வீட்டு வண்டிகள் நின்றன. ஒன்றில் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாண இலக்கத்தகடு. கறுப்பும் மண்ணிறமுமான கல்மலை ஒன்று எதிரே எழும்பி நின்றது. அதன் அடிவாரத்தில் தண்ணீர் இல்லாத மணல் ஆறு. சவாரோக் கள்ளிகள் கையைத் தூக்கிக்கொண்டு அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றன. ஆற்றங்கரையில் சாம்பல் இலை கொண்ட ஒரு பெரிய மரம். ஸ்ரீதரன் அந்த மரத்துக்குக் கிட்ட நேராகப் போய் நிறுத்தினார். இறங்கி, சீற்றுக்குப் பின்னாலிருந்து ஒரு மடக்குக் கதிரையை எடுத்தார். தூரத்தைப் பார்க்கிற கண்ணாடிக் குழல் ஒன்றை எடுத்துக் கழுத்தில் மாட்டினார். மரத்தடியில் கற்களை வட்டமாக அடுக்கி ஒரு அடுப்பு ஏற்கெனவே இருந்தது. கதிரைக் கால்கள் ஊன்றுவதற்கென்று மண் தட்டையாக இருந்தது.

நிரூபா ட்ரக்கின் படியில் நின்று பார்த்தாள்.

"உந்த அடுப்பு ஆர் கட்டினது?"

"நான்தான்."

"இஞ்ச முந்தியும் வந்திருக்கிறியளோ?"

"லோட் பிந்தினால் வாறனான்."

"எவ்வளவு காலமா?"

"கனகாலம்," என்றார் ஸ்ரீதரன். குழலைக் கண்ணில் வைத்து மலையைப் பார்த்தார். "கிட்ட வாரும், அந்தக் கல்லிலை காட்டாடு நிக்குது, கொம்பு வளைஞ்சு…"

அவள் போகவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள்.

"இஞ்சேருங்கோ. மாமி போன அண்டைக்கும் இஞ்சயோ நிண்டனீங்கள்?"

ஸ்ரீதரன் குழலைக் கீழே இறக்கினார்.

"ஓம்," என்றார். "அந்த மேட்டிலை ஏறினால் சிக்னல் வரும். நான் அண்டைக்கு ஏறேல்லை. லோட் அடுத்த நாள்தான் எண்டு றூபன் சொல்லிப்போட்டான், அதாலை…"

"துவாரகா அழுதழுது எத்தினை தரம் எடுத்தவள் தெரியுமோ?"

"தெரியும். பிறகு பாத்தனான்."

"மாட்டுப்பட்டுப் போனன் எண்டியள். ட்ரக் ஸ்ரொப்பிலை கிடந்து காயிறன் எண்டுதான் எப்பவும் சொல்லுவியள். பாவமெண்டு நினைச்சனான்."

அவ்வளவுதான் சொன்னாள். இன்னொரு காலமாக இருந்தால் கத்தியிருப்பாள், அழுதிருப்பாள். இப்போது கோபம் வந்ததும் அதைத் தூக்கிப் பிடிக்கக் கையில் பலமில்லாமல் இருந்தது. ட்ரக்கின் படுக்கையில் அவருக்குப் பக்கத்தில் படுக்க மட்டும் மனம் வரவில்லை. துவாரகாவின் கூடாரத்தை எடுத்து, எப்படி விரிப்பதென்று தெரியாமல் தடிகளோடு மல்லுக்கட்டினாள். அவர் உதவிக்கு வந்தார். "நான் செய்வன்," என்றாள். செய்தும் விட்டாள்; ஒரு பக்கம் சரிந்துதான் நின்றது.

அடுத்த நாள் விடிகிற நேரம் குளிர் கூடாரத்தின் அடியால் ஏறி அவளை எழுப்பியது. போத்தலில் வைத்த தண்ணீரின் மேலே மெல்லிய கண்ணாடி போலப் பனிக்கட்டி பிடித்திருந்தது. பாலைவனம் என்றால் சூடு என்று நினைத்திருந்தவள் அவள். ரொறன்ரோவில் போடும் அதே பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு, ட்ரக்கின் பக்கம் திரும்பாமல், மணல் ஆற்று வழியே நடந்தாள்.

எங்கே போகிறேன் என்ற யோசனை இல்லை. மணலில் இரவு போனவர்களின் கால் தடங்கள் கிடந்தன. நாய்த் தடம் போல ஒன்று. அது கொயோட்டியாக இருக்கும், ரூஜில் வீட்டுக்குப் பின்னாலும் அது வந்து போகும். கோழித் தடம் போலச் சின்னச் சின்னதாகப் பல. ஒரு வளைவில் பெரிய முயல் ஒன்று கழுதைக்குரிய காதுகளோடு குந்தியிருந்தது. காதுகளின் ஓரத்தில் வெளிச்சம் பட்டு உள்ளே ஓடும் நரம்புகள் சிவப்பாகத் தெரிந்தன. அவளைப் பார்த்தது. ஓடவில்லை. அவளும் நின்றாள். அவளுக்குக் கால் நோகத் தொடங்கிய பிறகும் முயல் அப்படியே இருந்தது. கடைசியில் நிரூபாதான் விலகிப் போனாள்.

ஆற்றின் கரையில் பாறை ஒன்றின் அடியில் ஒரு செடி. இலை அதிகமில்லை, சிவப்புக் குழல் பூக்கள் மட்டும் நிறைய. அதன் உள்கிளை ஒன்றில் கட்டைவிரல் அளவில் ஒரு குருவி இருந்தது. ஊசி போன்ற சொண்டு வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருந்தது. இறகெல்லாம் பொம்மென்று ஊதி, கண் மூடிக் கிடந்தது. ஹம்மிங்பேர்ட் என்று தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை. கிட்டப் போனாள். அசையவில்லை. மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்தாள். அப்போதும் அசையவில்லை. மேல் இறகின் நுனியில் பனிப் பூ ஒன்று.

குளிரில் செத்துப்போயிற்று என்று நினைத்தாள். ஆனால் இத்தனை வருட வேலையில் அவளுடைய கண் ஒன்றுக்குப் பழகியிருந்தது. மூச்சு இருக்கிறதா இல்லையா என்று நெஞ்சைப் பார்த்துக்கொண்டே நிற்பது. பார்த்தாள். வெகு நேரத்துக்குப் பிறகு நெஞ்சு ஒரு தரம் ஏறி இறங்கியது. பிறகு ஒன்றுமில்லை. பிறகும் ஒரு தரம்.

கையுறையைக் கழற்றிவிட்டாள். அந்தக் குருவியை உள்ளங்கையில் பொத்தி, வாயால் ஊதி, கோட்டுக்குள் வைத்துச் சூடாக்க வேண்டும். கை தானாகப் போயிற்று. பாதியில் நின்றது. ஏனென்று அவள் பிறகும் சரியாகச் சொன்னதில்லை. "எனக்கு ஏலாமல் கிடந்தது," என்றுதான் சொல்லுவாள். "இன்னொண்டைத் தூக்க எனக்கு ஏலாமல் கிடந்தது."

கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு பாறையில் இருந்தாள். அது சாகும் என்றால் சாகட்டும், பக்கத்தில் இருப்பேன் என்று நினைத்தாள். அதுவும் வேலையில் பழகியதுதான்.

எதிர் மலையின் உச்சியில் வெயில் விழுந்தது. பிறகு மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. ஆற்றுக்கு அப்பால் காடைகள் சத்தம் போடத் தொடங்கின. வெயில் ஆற்று மணலுக்கு வந்து, பாறைக்கு வந்து, அவளுடைய சப்பாத்துக்கு வந்தபோது குருவி நடுங்கத் தொடங்கியது. முதலில் வால். பிறகு உடம்பு முழுவதும், காய்ச்சல்காரர் நடுங்குவது போல. நிரூபா எழும்பிவிட்டாள். குருவி நடுங்கி நடுங்கி, ஊதியிருந்த இறகுகள் ஒவ்வொன்றாக உடம்போடு ஒட்டின. கண் திறந்தது. கழுத்தைத் திருப்பியபோது தொண்டை முழுவதும் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு மினுக்கம். அடுத்த கணம் கிளையில் அது இல்லை. தலைக்கு மேலே பூவொன்றில் சொண்டை விட்டுக்கொண்டு நின்றது. அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அது அப்பிடித்தான்," என்று பின்னால் குரல் கேட்டது. ஸ்ரீதரன் கொஞ்சம் தள்ளி, இரண்டு கோப்பைகளில் தேத்தண்ணியோடு மணலில் நின்றார். "குளிருக்குச் செத்தமாதிரி கிடக்கும். முதல் தரம் நானும் பயந்தனான்."

"எப்ப வந்தனீங்கள்?"

"அப்பவே. தேத்தண்ணியும் ஆறிப்போச்சு."

ஆறிய தேத்தண்ணியை அவள் வாங்கினாள். அவர் மற்றப் பாறையில் இருந்தார். காடைகள் பற்றையை விட்டு வெளியே வந்தன. தலை உச்சியில் கமா போட்டது போல ஒற்றை இறகு ஆட, ஒன்றன்பின் ஒன்றாக மணலைக் கடந்து ஓடின. கடைசிக் காடை நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஓடியது.

"அம்மா சாகேக்கை," என்றார் ஸ்ரீதரன், "நோகேல்லையோ?"

செத்த வீட்டில் கேட்கவில்லை. எட்டிலும் கேட்கவில்லை. முப்பத்தோராம் நாள் அவர் வழியில் நின்றார். இப்போதுதான் கேட்டார்.

"நோகேல்லை. விடியக் கஞ்சி குடுத்துக்கொண்டிருந்தனான். ரெண்டு மூண்டு கரண்டி குடிச்சவா. பிறகு வாயைத் திறக்கேல்லை. வேலைக்கு நேரம் போகுது, திறவுங்கோ மாமி எண்டு சத்தம் போட்டனான். பாத்தால், அவ போயிட்டா."

ஸ்ரீதரன் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னைக் கேட்டவாவோ?"

"இல்லை. நான் பொய் சொல்லமாட்டன். கடைசியிலை ஒருத்தரையும் கேக்கேல்லை. என்னை ரீச்சர் எண்டுதான் கூப்பிடுவா. வீட்டுக் கணக்குச் செய்யேல்லை ரீச்சர் எண்டு அடி வாங்கக் கையை நீட்டுவா. நான் தடவிவிடுவன். அடிக்கேல்லையோ எண்டு சிரிப்பா."

அவர் சிரிக்கப் பார்த்தார். முகம் வேறு பக்கமாகப் போயிற்று. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையின் நுனியால் துடைத்தார். "ஒருநாள் என்னைப் பாத்து, நீர் ஆர் தம்பி எண்டு கேட்டவா. நீர் அப்ப குசினியிலை. அதுக்குப் பிறகு எனக்கு வீட்டிலை நிக்க ஏலாமல் போச்சுது நிரூபா. லோட் இல்லாத நேரமும் லோட் தேடினனான்."

"என்னையும் ஒவ்வொரு நாளும் ஆரெண்டுதான் கேட்டவா," என்றாள் நிரூபா. "நான் நிண்டனான்தானே."

"ஓம். நிண்டனீர்."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதை வைத்து என்ன செய்வதென்று அவளுக்குத் தெரிந்திருக்காது. வெயில் இப்போது முதுகில் பட்டது. கோட்டின் பொத்தான்களைக் கழற்றினாள்.

"எனக்கு நித்திரை வருது," என்றாள்.

சரிந்த கூடாரத்துக்குள் போய் வெயில் பட்ட துணியின் மஞ்சள் வெளிச்சத்தில் படுத்தாள். வெளியே காடைகள் மண்ணைக் கிண்டும் சத்தம் கேட்டது. யாரும் தன்னைக் கூப்பிடப் போவதில்லை என்பது உடம்புக்கு எப்படியோ விளங்கியிருக்க வேண்டும். மத்தியானமும் பின்னேரமும் அவளுக்குத் தெரியாமலே போயின. எழும்பியபோது கன்னத்தில் ஸ்லீப்பிங் பாக் சிப்பின் தடம் பதிந்திருந்தது. ஸ்ரீதரன் சோறும் பருப்பும் வைத்து மூடிவிட்டுக் கதிரையைக் கூடாரத்து வாசலுக்குக் கிட்டப் போட்டிருந்தார். தான் மண்ணில் இருந்தார். அவள் கதிரையில் இருந்து சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. ஸ்ரீதரன் காலையும் மாலையும் மேட்டில் ஏறி றூபனோடு கதைத்துவிட்டு வந்தார். "இண்டைக்கும் உறைஞ்சுதாம்," என்பார். மற்ற நேரமெல்லாம் இருந்தார்கள். ஓடுகிற குயில் போன்ற நீண்ட வால் பறவை ஒன்று தினமும் அடுப்புக்குக் கிட்ட வந்து, முதுகுச் சிறகை விரித்து வெயில் காயும். சாம்பல் மரத்தில் ஒட்டி வளர்ந்த குருவிச்சைக் கொத்தில் சிவப்புக் கண்ணுள்ள கரும்பறவை ஒன்று தன் பழங்களுக்குக் காவல் இருந்தது. வேறெதுவும் கிட்ட வந்தால் விடாது. "சரியான கஞ்சன்," என்றாள் நிரூபா. ஸ்ரீதரன் பெலத்துச் சிரித்தார். காட்டாடுகளை அவளுக்கு நெடுநேரம் பிடிபடவில்லை. கல்லின் நிறமே ஆட்டின் நிறம். ஒரு பின்னேரம் குழலில் பார்த்துக்கொண்டிருந்தபோது கல்லொன்று தலையைத் திருப்பியது. பிறகுதான் மலை முழுவதும் தாயும் குட்டியுமாக நிற்பது தெரிந்தது.

சஸ்காச்சுவான் வண்டிக்காரர் வயதான வெள்ளையர். நாயோடு நடக்கும்போது தூரத்திலிருந்து கை காட்டுவார். "இடது கால் இழுபடுது. பாரிசவாதம் வந்து தப்பியிருக்கிறார்," என்றாள் நிரூபா. "பொல்லைப் பிழையான கையிலை பிடிக்கிறார்." எழும்பப் போனாள். ஸ்ரீதரன் அவளைப் பார்த்தார். திரும்ப இருந்துவிட்டாள். மனிதர் விழாமல் தன் வண்டிக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஒரு நாள் மேகம் கூடிக் கொஞ்சம் தூறியது. நனைந்த பற்றைகளிலிருந்து ஒரு காரமான வாசம் எழும்பி வெளி எல்லாம் நிறைந்தது. அந்த மழையோடு குளிரும் குறைந்தது. மேட்டிலிருந்து இறங்கி வந்த ஸ்ரீதரன், "வெட்டத் தொடங்கிட்டினம்," என்றார். இருவரும் உடனே எழும்பவில்லை.

திரும்பி வரும்போது அவள் முன் சீற்றில் இருந்து வந்தாள். லெற்றஸ் பெட்டிகள் பின்னால் குளிரில் கிடந்தன. மிச்சிகனில் பெருந்தெரு பனியில் மூடியிருந்தது, வாகனங்கள் ஊர்ந்தன. வின்சரில் அதிகாரி எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டார். "காம்பிங்," என்றாள் நிரூபா. அதிகாரி ட்ரக்கையும் அவளுடைய கோட்டையும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

களைப்புப் போய்விட்டதா என்று துவாரகா கேட்டாள். போகவில்லை. மாசி முழுவதும் வேலையில் கால் இழுபட்டது. ஆனால் அந்த மாதக் கடைசியில் நிரூபா ஷரோனிடம் போய், கிழமையில் மூன்று நாள் மட்டும் வேலை செய்கிறேன் என்றாள். ஷரோன் சரி என்றாள். ஆள் பற்றாத நாட்களில் ஷரோன் கேட்டுப் பார்ப்பாள். நிரூபா ஏலாது என்பாள். முதல் தடவை அப்படிச் சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகு அலுமாரிகளைத் துடைத்தாளாம்.

ஸ்ரீதரன் இன்னும் ஒரு வருடம் தூர ஓட்டம் ஓடினார். பிறகு முழங்கால் விடவில்லை. ட்ரக்கை விற்றுவிட்டு, ஒஷாவாவுக்கும் ரொறன்ரோவுக்கும் இடையில் பகல் ஓட்டம் ஓடுகிற வேலையில் சேர்ந்தார். பின்னேரங்களில் வீட்டுக்கு வந்துவிடுவார். முதல் சில மாதங்கள் இருவருக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்தது. எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. தன் குசினியில் ஒருவர் நிற்பது அவளுக்குப் பழக்கமில்லை. சண்டை பிடித்தார்கள். கீழ்த்தட்டு அறைக்குத் துவாரகாவின் புத்தக மேசையை இறக்கினார்கள்.

புதிய வேலையில் அவருக்கு மாரியில் லீவு கிடைக்கவில்லை. தை மாதம் நிரூபா கூட வேலை செய்யும் கௌசியைக் கூட்டிக்கொண்டு பீனிக்ஸுக்கு விமானத்தில் போய், வாடகைக் காரில் அந்த மலையடிவாரத்துக்குப் போனாள். துவாரகாவின் கூடாரம் இந்த முறை நேராக நின்றது. கௌசிக்கு எதுவும் பிடிக்கவில்லை. கக்கூசு இல்லை, குளிர், கொயோட்டி ஊளையிடுகிறது, இனி செத்தாலும் வரமாட்டேன் என்றாள். ஆனாலும் நின்றாள். பின்னேரங்களில் நிரூபா மேட்டில் ஏறி வீட்டுக்குப் போன் எடுத்தாள்.

"இஞ்ச ஒரே பனி," என்றார் ஸ்ரீதரன். "இப்பதான் வாசல் வழிச்சுப்போட்டு வந்தனான். இண்டைக்கு என்ன பாத்தனீர்?"

"ஒண்டுமில்லை. இருந்தனான்."

"காட்டாடு?"

"நான் தேடேல்லை. வந்தால் வரட்டும்."

அவர் மூச்சு விடுவதும் எங்கோ வீட்டில் ஹீற்றர் ஓடுவதும் கேட்டது.

"முழங்கால் எப்பிடி?" என்றாள்.

"நோகுது. உமக்கு?"

"களைப்பாத்தான் கிடக்கு. நேற்று நல்லா நித்திரை கொண்டனான்."

"கொள்ளும், கொள்ளும். எப்ப வாறீர்?"

"வெள்ளிக்கிழமை. ஃப்ரீசருக்குள்ளை பாரை மீன் கிடக்கு, வியாழன் பின்னேரம் எடுத்துக் கீழை வையுங்கோ. நான் வந்து காய்ச்சுவன்."

"வேண்டாம்," என்றார் ஸ்ரீதரன். "நான் காய்ச்சுறன். புளி எவ்வளவு விடுறதெண்டு மட்டும் சொல்லும்."

நிரூபா மேட்டில் ஒரு கல்லில் இருந்துகொண்டு சொன்னாள்.